பேட்டரிப் பெட்டியின் கதகதப்பு

எங்கள் வீட்டுப் பேட்டரிப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. மாமனாருக்கு நுரையீரல் கெட்டு, நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது வாங்கியது. பெருமாள்மலைக்கு மேலே ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் போதும், எங்கள் மலையூருக்குக் கரண்ட் போய்விடும். அப்போது அவர் மூச்சு அந்தப் பெட்டியை நம்பித்தான்.

அதை மாட்ட வந்தவன் காதில் போனை இடுக்கிக்கொண்டே வேலை செய்தான். வயரைப் பிளையரால் நாலு திருகு திருகினான், டீயைக் குடித்தான், போய்விட்டான். அவ்வளவுதான் அவன் சிரத்தை.

மழைக்காலத்தில் பெட்டியின் ஓரம் கதகதப்பாக இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். கேஸ் வந்தபின் புகைக்கு எங்கே போவது? பூண்டுக் கொத்துகளைப் பெட்டிமேல் அடுக்கினேன். அக்கம்பக்கத்தில் பெருமையடித்ததில் இன்னும் இரண்டு வீட்டுப் பூண்டும் வந்து சேர்ந்தது.

பிறகு வந்தது அந்த நாற்றம். அழுகிய மீன் மாதிரி, தொண்டைவரை ஏறும் நாற்றம். பெட்டி இருந்தது மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில். உப்பு ஆகாது என்று நான் நிறுத்திவிட்ட கருவாட்டை யாரிடமோ வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"ஏத்தா, நான் ஒண்ணும் ஒளிக்கலத்தா. நாத்தம் அந்தப் பெட்டிப் பக்கமிருந்துல்ல வருது" என்றார்.

"பெட்டியா கருவாடு திங்குது?" என்று கேட்டுவிட்டு, மூக்கில் குழாயோடு கிடந்த மனிதரைப் புரட்டிப் போர்வையை உதறினேன், தலையணையைப் பிரித்தேன். மூன்று நாள் இதே கூத்து. மூன்று நாளும் அவர் அதையே சொன்னார். திருடன் பழியைத் தள்ளிவிடுகிறான் என்றுதான் என் காதில் விழுந்தது.

நான்காம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் பெட்டியோரம் புகைந்தது, மெஷின் கத்தி நின்றது. அவர் உதடு நீலம் பாய்ந்தது. ஓடிப்போய் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அவருக்கு மாட்டுவதற்குள் என் உயிர் போய் வந்தது.

சாயங்காலம் வந்த எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிக் காட்டினார். சிவப்பு வயரின் முனை கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்து கிடந்தது.

"நட்டுக்கு அடியில போட வேண்டிய வாசரை வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல போட்டிருக்கான். நட்டும் லூசுங்கக்கா. இதுக்குன்னு அளவு வச்சு முறுக்குற ஸ்பேனர் இருக்கு, அதுலதான் முறுக்கணும். மாசம் ஒருக்கா கரண்டை நிறுத்திட்டு ஒரு ஆளை வச்சுப் பாக்கணும். இந்த இடம் சுடவே கூடாதுங்க. பிளாஸ்டிக் வெந்தா மீன் நாத்தந்தான் அடிக்கும்" என்றார். பூண்டைப் பார்த்தவர், "காத்துப் போற ஓட்டையை வேற அடைச்சு வச்சிருக்கீங்களே" என்றார்.

மாட்டியவன்மேல் வந்த அருவருப்பு பாதிதான். மீதி என்மேல். பூண்டை அள்ளி வெளியே எறிந்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் கட்டிலருகே போனேன். என் தலையைக் கண்டதும் மாமனார் தானே போர்வையைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கத்தா, ஒண்ணுமில்ல" என்றார்.