நூற்றெட்டுத் தோப்புக்கரணமும் என் இடது முழங்காலும்

என்னை முதலில் கைவிட்டது என் இடது முழங்கால். அடுத்தது என் மனைவியின் தம்பி கனகலிங்கம். மூன்றாவதாக, சொல்ல நாக்கூசுகிறது, எங்கள் ஊர்ப் பிள்ளையார். எண்பத்திரண்டாம் ஆண்டு வைகாசி மாதம் இந்த மூவரோடும் நான் கோபமாக இருந்தேன். அந்தக் கோபம் எப்படித் தீர்ந்தது என்பதைத்தான் அடியார்களாகிய உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். முழுக்கத் தீரவில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவன். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவைத் தாண்டி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். ஊரில் என்னைப் பகிடித் துரைராசா என்பார்கள். செத்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழும்புவேன். அதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோயில் திருவிழா ஆனியில் பத்து நாள். சுவாமியை வாகனத்தில் ஏற்றி, இரண்டு நீளத் தடிகளைத் தோளில் சுமந்து, எங்கள் பேச்சில் காவி, வீதி சுற்றுவோம். தடிக்கு நான்கு பேர். தோள் உயரம் ஒத்தவர்களாகப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். இடது தடியில் முதலாம் தோள் என்னுடையது. எனக்குப் பின்னால் கனகு. பதினோரு வருடம் அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்தச் சங்கத்திலும் எனக்குப் பதவி இல்லை. உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே பட்டம் அந்தத் தடியில் ஒன்றரை முழம்.

எண்பதாம் ஆண்டு மாரியில் விதைநெல் மூட்டையோடு வரம்பில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குள்ளே காய்ந்த விறகு முறிந்தது போல ஒரு சத்தம். இரண்டு கிழமை படுத்தேன், எழும்பினேன், சுகம் என்று ஊருக்குச் சொன்னேன். சுகமில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே கால் திடீரென்று மடங்கி விட்டுப்போகும். அடுத்த திருவிழாவில் அப்படியேதான் காவினேன். மூன்றாம் நாள் பிள்ளையார் ஒரு பக்கம் சரிந்தார். ஐயர் பாய்ந்து பிடித்தார். “வீதியிலை பள்ளம் கிடக்கு” என்றேன். பாவம், மறுநாள் இளைஞர்கள் நாலு கூடை மண் கொண்டுவந்து இல்லாத பள்ளத்தை நிரப்பினார்கள்.

உண்மையை ஒரே ஒருவனுக்குத்தான் சொன்னேன்.

“டேய் கனகு, உன்னட்டை மட்டும் சொல்லுறன். முழங்கால் இடைக்கிடை விட்டுப்போகுது.”

“ஆசுப்பத்திரிக்குப் போங்கோவன் அத்தான்.”

“போனால் காவாதை எண்டு சொல்லிப்போடுவாங்கள். நீ வாயைத் திறவாதை.”

“நான் ஏன் அத்தான் சொல்லுறன்?”

அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய்வந்த கனகு, எனக்கு ஒரு முழங்கால் உறை வாங்கிவந்தான். பந்தடிக்கிற பெடியன்கள் போடுகிற, இழுபடுகிற சாமான். “இறுக்கமா இருந்தால்தான் காலைப் பிடிக்குமாம் அத்தான். இரவு பகல் கழட்டாதேங்கோ” என்றான். அது பத்தொன்பது வயதுக் காலுக்குச் செய்தது. அதை ஏற்றுவதற்கு என் மனைவி பரமேசும் அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயும் வேண்டியிருந்தன. இரவு பகல் கழற்றவில்லை. கீழ்க்கால் வீங்கிப் பூசணிக்காய் ஆனது. விரல்கள் விறைத்தன. உறை போதவில்லை என்று நினைத்து அதற்குமேல் துணியைச் சுற்றினேன். பாலை மரத்தில் ஒரு தடி வெட்டி இடது கையில் பிடித்தேன். இடது கால்தானே நோகிறது, இடது கைதானே உதவ வேண்டும்? எனக்கு அவ்வளவுதான் மூளை.

இதெல்லாம் மனிதர் செய்த முட்டு. தெய்வத்தின் முட்டும் வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். முழங்கால் சுகமாகும்வரை ஒவ்வொரு நாளும் நூற்றெட்டுத் தோப்புக்கரணம். பரமேசு புளியங்கொட்டை வைத்து எண்ணுவாள். ஏழு மாதம் ஒரு நாள் தவறவில்லை. நோவு கூடக்கூட, என் பக்தி போதவில்லை என்று இன்னும் ஆழமாகக் குந்தி எழும்பினேன்.

வைகாசியில் கோயில் சபை கூடியது. தலைவர் காவுகிறவர்களின் பெயரை வாசித்தார். “இடது தடி, முதலாம் தோள், கனகலிங்கம்.”

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“குறை நினையாதேங்கோ துரைராசண்ணை” என்றார் தலைவர். “உங்களுக்குக் கால் ஏலாது, பிள்ளையாரைக் கீழை போட்டிடுவியள் எண்டு கனகுதான் வந்து சொன்னது.”

எல்லாருடைய கண்ணும் என் முழங்காலைப் பார்த்தது. கனகு நிலத்தைப் பார்த்தான். என்னுடைய இரகசியத்தை விற்று என்னுடைய இடத்தையே வாங்கிவிட்டான். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். என் கலியாணத்தில் எனக்குத் தோழனாக நின்றவன். நான் எழும்பி வந்துவிட்டேன். எழும்பவும் மூன்று தரம் முயல வேண்டியிருந்தது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் கனகு எங்கள் வாசல் படலையடிக்கு வந்தான். “நான் வீட்டிலை இல்லையெண்டு சொல்லு!” என்று உள்ளே இருந்து அவனுக்குக் கேட்கவே கத்தினேன். பரமேசு தம்பிக்கும் புருசனுக்கும் நடுவில் நின்று அழுதாள். மூன்று கிழமை கனகு வீட்டுத் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு கோயிலுக்குப் போனேன். மூலஸ்தானத்துக்கு நேரே நின்றேன். ஏதாவது பகிடியாகத் தொடங்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பகிடி வரவில்லை.

“பிள்ளையாரே, உன்னைத் தூக்கத்தானே இந்தக் காலைக் கேட்டனான்? எனக்காகவா கேட்டனான்? ஏழு மாதம் கும்பிட்டனே, நீயும் கைவிட்டிட்டியே. தாறதெண்டால் தா. இல்லையெண்டால் எனக்கு ஏன் இப்பிடி நடந்தது எண்டாவது சொல்லு.”

சொல்லிவிட்டுக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணத்தைத் தொடங்கினேன். நாற்பத்திரண்டாவதில் முழங்கால் விட்டது. அப்படியே பக்கவாட்டில் விழுந்தேன். எழும்ப முடியவில்லை. விழுந்த இடத்தில் கிடந்து சத்தம்போட்டு அழுதேன்.

வெளிவீதியில் திருவிழாவுக்காகப் புல் செருக்கிக்கொண்டிருந்த முத்துவேல், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எழுபத்தேழுக் கலவரத்தின்பின் மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருப்பவர். என் வயலிலும் கூலிக்குக் களை பிடுங்கியிருக்கிறார். ஐந்து வருடப் பழக்கம். அங்கே என்ன வேலை செய்தீர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“அசையாதீங்க ஐயா. அப்படியே கெடங்க.”

உறையை மெல்ல மெல்ல உருட்டிக் கழற்றினார். தொடையில் கயிறு கட்டினது போலத் தடம்.

“யாருங்க இத மாட்டிவுட்டது?”

“என்ரை மச்சான்.”

“பகையாளிங்களா?”

“இப்ப ஓம்.”

அவர் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினெட்டு வருடம் கையாளாக இருந்தவராம். கூடையோடு மலை ஏறி இறங்குகிற சனத்தின் முழங்கால்களை, நான் நெல் பார்த்தது போல் பார்த்திருக்கிறார். இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்து அமத்திப் பார்த்தார்.

“வெறும் நோவா, இல்ல மடங்கி வுட்டுப்போவுதா?”

“ரெண்டும்தான்.”

“வெறும் நோவுன்னா மெத்துன்னு ஒரு ஒற போதுங்க. மடங்கி வுடுற முட்டிக்கு இது தாங்காது. ரெண்டு பக்கமும் தகடு வச்சது வேணும். கால அளந்து வாங்கணும். போட்டா ரெண்டு வெரலு உள்ள போவணும். படுக்கறப்போ கழட்டிரணும். எதுக்கும் டாக்டர் பாக்காம வாங்காதீங்க.” பிறகு என் தடியைப் பார்த்தார். “கம்பு எந்தக் கையிலங்க?”

“இடது கையிலை. இடதுதானே நோவு.”

“அதான் தப்பு. வலது கையில புடிங்க. கெட்ட காலு முன்னால போறப்போ கம்பும் கூடப் போவணும். அப்பத்தான் பாரம் பிரியும்.” தடியை எடுத்து என் வலப் பக்கம் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஆமா, விழுந்தப்போ என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“தோப்புக்கரணம். ஒவ்வொரு நாளும் நூற்றெட்டு. ஏழு மாதமா. முழங்கால் சுகமாகத்தான்.”

முத்துவேல் பிள்ளையாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சாமி கேட்டாருங்களா?”



என்னைத் தூணில் சாய்த்து இருத்திவிட்டு அவர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: “நீங்களும் ஒங்க மச்சானும் ஒரே மாதிரிங்க. அவரும் இப்படித்தான் யாருக்கும் சொல்லாம எங்கிட்ட வந்தாரு.”

“எப்ப?”

“போன வருசத் திருவிழா முடிஞ்சு. தோள் எலும்புகிட்ட கறுத்துப்போயி இவ்வளவு வீக்கம். முன்னால நிக்கிறவரு குனியறப்போ பாரம் பூரா தன் மேல வருதுன்னாரு. யாருன்னு நான் கேக்கல. இப்பத்தான் புரியுது.”

அடியார்களே, அப்போது எனக்கு ஒன்று நினைவு வந்தது. அந்தத் திருவிழாவில் ஐந்தாம் நாள், வடக்கு வீதியில், “அத்தான், பாரம் எனக்குக் கூட வருகுது” என்று கனகு பின்னாலிருந்து சொன்னான். “நீ தின்னுறதைக் குறையடா, பிள்ளையாரோடை போட்டி போடாதை” என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். கனகுவும் சிரித்தான். பிறகு அவன் அதைப்பற்றிப் பேசவேயில்லை.

ஏன் என்று கேட்டேன் அல்லவா? கேட்ட அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளையார் சொல்லிவிட்டார். எனக்குப் பிடிக்காத பதில்தான். ஆனாலும் பதில்.

முத்துவேல்தான் என்னை பஸ்ஸில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். உள்ளே சவ்வு தேய்ந்துவிட்டது, தொடைத் தசையும் பலமில்லை என்றார் டொக்டர். முழங்காலிலும் அதற்கு மேலும் கீழும் அளந்து, இரண்டு பக்கமும் தகடு வைத்த பட்டி ஒன்றுக்கு எழுதித் தந்தார். கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியும் சொன்னார். இனிக் குந்தி எழும்பக்கூடாது, பாரம் காவவும் கூடாது.

“அப்ப பிள்ளையாருக்கு நான் என்ன சொல்லுறது?” என்றேன்.

“வேணுமெண்டால் அவருக்கும் ஒரு துண்டு எழுதித் தாறன்” என்றார்.

அன்று பின்னேரமே கனகு வீட்டுக்குப் போனேன். தடி வலது கையில். அவன் என்னைக் கண்டு பயந்து எழும்பினான்.

“சேட்டைக் கழட்டு.”

“ஏன் அத்தான்?”

“கழட்டடா!”

பார்த்தேன். சட்டையைக் கழற்றிய தோளில், பதினோரு மாதம் கழிந்தும், அந்தக் கட்டி வற்றவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்க அவனால் முடியவில்லை.

“என்னட்டை ஏன்ரா சொல்லேல்லை?”

“சொன்னனான். நீங்கள் பகிடி விட்டியள்.”

“அதுக்காக என்னை விட்டிட்டுச் சபையிலை போய்ச் சொல்லுறதே?”

“உங்களட்டைச் சொன்னால் சிரிப்பியள் அத்தான். அவையளட்டைச் சொன்னால் கேப்பினம்.” கழற்றிய சட்டையை எடுத்துத் தோளை மூடினான். “உங்கட இடத்தை வேறை ஆருக்கும் விட எனக்கு மனம் வரேல்லை. அதுதான் நானே கேட்டனான்.”

முழங்கால் ஒரு நாளும் அப்படி நொந்ததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அவன் செய்தது பிழை. சபைக்கு முதல்நாள் என் கன்னத்தில் ஒன்று போட்டாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னேனே மிச்சக் கோபம், அது இதுதான். பிள்ளையாருக்கும் தெரியும். என் முழங்காலைப் போல அதுவும் மெல்ல மெல்லத்தான் சுகமாகிறது.

கனகு முன்னால் போனதால் அவனுடைய பழைய இடத்துக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது. முத்துவேலின் உயரம் சரியாக வரும் என்று சபையில் சொன்னேன். “யோசிப்பம்” என்றார்கள். இரண்டு வருடம் யோசித்துவிட்டுத்தான் அவரைச் சேர்த்தார்கள்.

அந்த ஆனித் திருவிழாவில் நான் காவவில்லை. சுவாமி தரித்து நிற்கும் இடங்களில் தடிக்குக் கீழே முட்டாகக் கொடுக்கிற, நுனி கவைத்த கவர்த்தடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கிழவர்களுக்குக் கொடுக்கிற வேலை. பத்தாம் நாள் மேற்கு வீதியில் கனகுவின் முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னான்: “அத்தான், முட்டுக் குடுங்கோ.”

அவனுடைய தோளுக்குப் பக்கத்தில் கவர்த்தடியை ஊன்றினேன். பாரம் அதில் இறங்கியது. அவன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பதினோரு வருடம் அவனுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

என் கால் இன்றும் முழுச் சுகமில்லை. ஆனால் நடக்கிறேன், வயலுக்குப் போகிறேன், விழுவதில்லை. காலைத் தா என்று கேட்ட எனக்குப் பிள்ளையார் காலோடு காதையும் திறந்துவிட்டார். அந்த நன்றியை எத்தனை பிறவியில் தீர்ப்பேனோ தெரியாது. நோகிறவர்கள், ஏமாந்துபோனவர்கள், எங்கள் பிள்ளையாரின் வாசலுக்கு வாருங்கள். நோவை மறைக்காமல் அவரிடம் கேளுங்கள். புல் செருக்குகிறவரின் வாயிலும் அவர் பதிலை வைத்து அனுப்புவார், நீங்கள் கோபித்துக்கொண்ட மச்சானின் வாயிலும் வைத்து அனுப்புவார். பதில் வரும்போது சிரிக்காமல் கேளுங்கள்.