இரண்டு பையில் ஒரு முகம்

சைக்கிளில் கருவாடு விற்பவன் நான். மழை வந்தால் சாக்கு ஊறிச் சரக்கு வீணாகிவிடும். அதனால் கேரியரின் இரு பக்கமும் தொங்கவிட நானே பை தைப்பது என்று முடிவு செய்தேன். தையல் எனக்குப் புதிது.

கச்சிராயபாளையத்தில், காரியம் முடிந்தும் யாரும் கழற்றாமல் தொங்கிய ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை அவிழ்த்து வந்தேன். யாரோ ஒரு பையன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பையும் ஒரே அளவில் வரவேண்டுமென்று பேனரை நடுவில் மடித்து வெட்டினேன். படம் உள்பக்கம் போகும்படி கோணி ஊசியால் தைத்தேன். வெளியே வெறும் வெள்ளை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுவாரம் மலையடிவாரத்து ஊரில் ஓர் அம்மா நெத்திலி கேட்டார். நான் அள்ள அள்ளப் பைக்குள்ளிருந்து ஒரு கண்ணும் பாதி வாயும் வெளிப்பட்டன. அவர் சைக்கிளைச் சுற்றி வந்து மறுபக்கப் பையையும் திறந்து பார்த்தார்.

"எம் புள்ளைய ரெண்டா வெட்டி வச்சிக்கினு சுத்துறியேப்பா," என்றார். "பிரிச்சி ஒண்ணா தச்சிக் குடு."

அவர் வாசலிலேயே உட்கார்ந்து பிரித்துத் தைத்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை தையல் கோணல்மாணலாக இறங்கியது.

"சரியா வரலம்மா," என்றேன்.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"பரவால்ல. ஆஸ்பத்திரியில அறுத்துட்டு இப்டித்தான் தச்சிக் குடுத்தாங்க."

அதற்குப் பிறகு நான் பை தைக்கவில்லை. சாக்கு நனைந்தால் நனையட்டும்.