பத்து லட்சத்து ஒண்ணு

என் அத்தை, அப்பாவின் தங்கை, எண்பதுகளில் பரளச்சியிலிருந்து தினமும் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்து கணக்கில் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டமே அவருக்குக் குறுக்கே நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், பெண் அதிகம் படித்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அதனால் காரியாபட்டியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் பெண் பார்க்க வந்த அன்று அப்பா முன்கூட்டியே எச்சரித்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தாயி. அதையும் சுருக்கமாச் சொல்லு."

ஜெபம் முடிந்து காபி வந்தது. மாப்பிள்ளை பேச்சைத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினார். "போன வாரம் பசங்களுக்குப் பகா எண் நடத்துனேன். பத்து லட்சத்து ஒண்ணுகூடப் பகா எண்தான். எதால வகுத்தாலும் மிச்சம் வருது."

அத்தை தரையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு, "இல்லைங்க, நூத்தி ஒண்ணால வகுத்தா மிச்சமில்லாமப் போகும்," என்றார்.

கேள்வி என்று ஒன்று கேட்கப்படவே இல்லை என்பதுதான் அப்பாவுக்கு ஆறவில்லை.

மாப்பிள்ளை உள்ளங்கையில் விரலால் வகுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபி ஆறியது. அவருடைய அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்." அதன் பொருள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று அத்தையோடு யாரும் பேசவில்லை. நான் மட்டும் சிலேட்டோடு போனேன்.

"நூறு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன் அத்தை. போகலையே!"

"அவுகளும் அங்கதான் நிறுத்திருப்பாக," என்றார். "நூறை நூறால பெருக்கி, இன்னொரு நூறாலயும் பெருக்குனா பத்து லட்சம். நூறுங்கிறது நூத்தி ஒண்ணுக்கு ஒண்ணு கம்மி. மூணு நூறைப் பெருக்குனாலும், நூத்தி ஒண்ணு வாய்ப்பாட்டுல வர்ற எண்ணுக்கு அந்த ஒண்ணு கம்மி அப்படியே நிக்கும். அதைச் சேத்துட்டா சரியாப் போச்சு."

சிலேட்டு நிறைய நான் முட்டிமோதியதை அவர் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் முடித்துவிட்டார். அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் கேட்டதில்லை. அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என் சிலேட்டு அத்தையிடமே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியபோது மாப்பிள்ளை எங்கள் வாசலில் தனியாக நின்றிருந்தார். சட்டையெல்லாம் பஸ் புழுதி. அப்பா உட்காரச் சொன்னார். அவர் உட்காராமல் அத்தையைப் பார்த்து, "அப்ப, பத்து லட்சத்து மூணு?" என்றார்.

"அது பகா எண்தாங்க. ஆயிரத்துக்குள்ள இருக்கிற பகா எண் எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்துட்டேன்."

"நானும் பாத்தேன். வாரம் பூரா அதான் வேலை."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அம்மா அவசரமாக அடுப்படிக்குப் போனார். அப்பா, "முதல்ல உக்காருங்க மாப்ள," என்றார்.

எதாலும் வகுபடாத எண்ணில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தையை மடக்க அவர் மறுபடியும் வந்ததும், மறுபடியும் முடியாமல் போனதும் எனக்குப் பெரிய பெருமை. அத்தையிடம் காரியாபட்டி வாத்தியார் தோற்றுப்போனார் என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம், "அப்ப தோத்தே போயிட்டாராக்கும்!" என்று சிரித்தபோது, அவர்களும் என்னைப்போல அத்தையின் கணக்கைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.