டயர்க்கடை ஈயம்

போன கிழமை புரோசார்டில் குளிர்கால டயர் மாற்றப் போயிருந்தேன். டிசம்பர் பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். என்னைப் போன்ற சோம்பேறிகள் எல்லாரும் கடைசிக் கிழமையில்தான் போய் வரிசையில் நிற்போம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை கார்ச் சில்லைச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் பாரம் குறைகிறது என்று திரையில் பார்த்து, விளிம்பில் சின்னக் கட்டி ஒன்றைப் பொருத்தினாள். பழைய கட்டியைக் கழற்றி வாளிக்குள் எறிந்தாள். 'கிணிங்' என்றது. எனக்குத் தெரிந்த சத்தம் அது இல்லை. எனக்குத் தெரிந்தது 'தொப்'.

எழுந்துபோய் அந்தக் கட்டியில் ஒன்று தருவீர்களா என்று கேட்டேன். கிழவனுக்கு என்ன வந்தது என்று அவள் யோசித்திருப்பாள், ஆனாலும் தந்தாள். நகத்தால் அழுத்திக் கீறிப் பார்த்தேன். ஒரு கோடும் விழவில்லை. இப்போது சில்லுக்கு ஈயம் போடுவதில்லையாம், இரும்புதானாம். "நல்லதுதானே, ஈயம் நஞ்சு" என்றாள். தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஈயத்தில் நகம் பதியும். இதை எனக்குக் காட்டித் தந்தவன் குகன். அவனைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு முதல் மிஷேலைச் சொன்னால்தான் விளங்கும்.

மிஷேல் எங்கள் முதலாளி. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் டோர்வலில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு டயர்க்கடை இருந்தது. விமானம் தலைக்கு மேலே போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனபிறகு மீதியைச் சொல்வோம். பெரிய உடம்பு, பெரிய தாடி, சின்னப் பேச்சு. கழற்றிய ஈயக்கட்டிகளை அவர் குப்பையில் போட விடமாட்டார். மத்தியான இடைவேளையில் கடையின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றி அவற்றை உருக்குவார். அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டினால் பளபளவென்று துப்பாக்கிக் குண்டுகள் விழும். அவற்றுக்கு மெழுகு பூசுவார். பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரியை ஊதி அணைத்ததும் ஒரு மணம் வருமே, பின்கதவுப் பக்கம் எப்போதும் அந்த மணம்தான்.

குகனும் நானும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தோம். இரண்டு மெத்தை, ஒரு சோற்றுப்பானை. சமையல் அவன், கதை நான். எனக்கு அகதி வழக்கு முடிந்து பேப்பர் கிடைத்திருந்தது. அவன் எனக்கு ஒரு வருடம் பிந்தி வந்தவன், அவனுடைய விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நான் எட்டு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவன் என்பதால் கடையில் அவனுக்கும் சேர்த்து வாய் நான்தான். மிஷேல் சொல்வதை அவனுக்கும், அவன் சொல்வதை மிஷேலுக்கும் மாற்றிச் சொல்வேன். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குகனுக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொல்: போன்ஜூர், மெர்சி, மிஷேல் கையை நசுக்கிக்கொண்டால் சொல்கிற தபர்நாக்.

ஈயக்கட்டிகளைப் பிரித்தெடுப்பது குகனின் வேலையானது. அந்தக் காலத்திலும் இடையிடையே இரும்புக் கட்டி கலந்து வரும். அவன் பார்க்கக்கூட மாட்டான், பெருவிரல் நகத்தை வைத்து ஒரு அழுத்து. "இது ஈயம். இது பொய்" என்பான்.

மிஷேலுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வார்த்த ஈயக்குண்டு, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடுகிற துப்பாக்கிக்குத்தான் ஒத்துவரும். அவரிடம் இருந்ததோ தானே அடுத்த தோட்டாவை, எங்கள் பேச்சில் ரவையை, ஏற்றிக்கொள்கிற வகை. வெடித்ததும் எழும் காஸில் கொஞ்சம் குழலிலுள்ள சின்ன ஓட்டை வழியாகத் திரும்பி வந்து உள்ளே ஒரு தண்டைத் தள்ளும், அந்தத் தள்ளலில்தான் அது வேலை செய்யும். மெழுகும் கரியும் ஈயத் தூளும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் தண்டு அசையாது. துப்பாக்கிக் கழகத்தில் அவரோடு சுடுகிறவர்கள் பகிடி பண்ணுவார்களாம். "கடையில் வாங்கின ரவையை எவனும் சுடுவான்" என்பது அவருடைய பதில். சிக்குவதும், கழற்றித் துடைப்பதும், திட்டுவதும், மறுபடி ஈயம் உருக்குவதுமாக அவருடைய சனிக்கிழமைகள் போயின.

ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். நகரத்துக்கு வெளியே ஒரு மணி நேரம், காட்டுக்குள் மண்மேடு கட்டிய இடம். முதலில் என்னைச் சுடச் சொன்னார். மூன்று வேட்டு. முதலாவது மேட்டில் பட்டது, இரண்டாவது எங்கே போனது என்று தெரியாது, மூன்றாவதோடு தோள்மூட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். நாலாவதுக்கு விசையை இழுத்தால் ஒன்றும் இல்லை. மிஷேல் வாங்கிப் பார்த்துவிட்டு தபர்நாக் என்றார்.

அதுவரை கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற குகன், "காஸ் போற ஓட்டை அடைச்சிட்டுது. மெழுகு கூடிப்போச்செண்டு அவரிட்டைச் சொல்லு" என்றான்.

சொன்னேன். மிஷேல் அவனைப் பார்த்தார், பிறகு ஒதுங்கி இடம் விட்டார். அவன் ரவைகளை எடுத்தான், குழலை மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு மேல்மூடியைக் கழற்றினான், தண்டை உருவினான், தன் சட்டை நுனியால் துடைத்தான், திரும்பப் பூட்டினான். நான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றான். சுடச் சொல்லி மிஷேல் கைகாட்டினார். குகன் தலையை ஆட்டி மறுத்தான். அன்றைக்கு அவன் ஒரு வேட்டுக்கூடச் சுடவில்லை, சுட்டவன் நான்.

திரும்பி வரும்போது பின்சீற்றில் இருந்து மெதுவாகச் சொன்னான். "இயக்கத்திலை எட்டு மாதம் மச்சான். பிடிச்சுக்கொண்டு போனவங்கள். கழட்டித் துடைச்சுப் பூட்டுறதுதான் என்ர வேலை. பேந்து ஓடி வந்திட்டன். கேசிலை நான் இதைச் சொல்லேல்லை, தெரிஞ்சால் தள்ளிப்போடுவாங்கள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"எனக்கென்ன விசரே?" என்றேன்.

மிஷேல் முன்னால் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

பிறந்தநாள் கேக் மணம் என்று சொன்னேன் அல்லவா. அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு மாதம் கழித்து, எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மண்டபத்தில் எங்கள் ஆட்கள் நூறு பேருக்கு மேல். குகன் அன்று வேலைக்குப் போயிருந்தான். பிள்ளை மெழுகுதிரிகளை ஊதி அணைத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் வாய் திறந்துகொண்டது. மேசையைச் சுற்றிப் பத்துப்பேர், நடுவில் மிதிவெடி என்று நாங்கள் சொல்கிற பொரித்த ரோல்ஸ் தட்டு, பார்க்க ஆள் கூட இருந்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. மிஷேலின் தாடியை நடித்தேன். என் தோள்மூட்டை நடித்தேன். பிறகு ஒரு கரண்டியை எடுத்து, குகன் கழற்றித் துடைத்துப் பூட்டியதை நடித்தேன். "முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நிண்டவர்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப ஆள் லேசுப்பட்ட ஆளில்லை" என்றார் ஒருவர்.

"ஓம், பாத்தால் பூனை மாதிரி" என்றேன்.

இயக்கம் என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. ரகசியத்தைச் சொல்லவில்லை, பகிடியைத்தான் சொன்னேன் என்று வீட்டுக்கு வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணம் பேசினாலும், கோயில் நிர்வாகத்துக்கு ஆள் தெரிவுசெய்தாலும், ஒருவனுக்குப் பேப்பர் கிடைக்கப்போகிறது என்றாலும், பெயர் போடாத கடிதம் ஒன்று எங்கிருந்தோ போகும். மொட்டைக் கடிதம். ஊரில் இருந்து வரும்போது அகப்பையைக்கூட விட்டுவிட்டு வந்தோம், இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்தோம். குகனைப் பற்றியும் ஒன்று, அவனுடைய அகதி வழக்கை விசாரிக்கிற அலுவலகத்துக்குப் போயிருந்தது. மிஷேலின் துப்பாக்கி, மண்மேடு, சட்டை நுனியால் துடைத்தது எல்லாம் அதில் இருந்தன. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பத்துப்பேரையும் நான் மாறி மாறிச் சந்தேகப்பட்டிருக்கிறேன், அப்படிச் சந்தேகப்படுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சட்டத்தரணியிடம் போய் அந்தக் கடிதத்தைப் பற்றி அறிந்து வந்த அன்று, குகன் சோறு வடித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"நீ ஆருக்கும் சொன்னனியோ மச்சான்?"

"இல்லையடா."

"சரி" என்றான்.

அந்த மண்மேட்டில் அன்று கூட நின்றவர்கள் யாராவது அவனுக்குச் சார்பாக எழுதித் தந்தால் நல்லது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். மிஷேல் எழுதினார். வாழ்நாளில் இரண்டு வசனம் சேர்த்துப் பேசாத மனிதர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கப் பழக்கியது தான்தான், பல சனிக்கிழமைகளாகக் காட்டித் தந்தேன் என்று கூசாமல் பொய் எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் எழுதவில்லை. மனைவியைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்த நேரம், என் பெயர் இதில் வந்தால் அதுவும் குழம்பிவிடும் என்று பயந்தேன். "எனக்கு எழுத வராது மச்சான்" என்றேன். பிரெஞ்சு தெரிந்தவன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட நான்.

வழக்குத் தள்ளுபடியானது. மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை. அவனைத் திருப்பி அனுப்ப விமானம் ஏற்றிய நாளில் நான் கடையில்தான் நின்றேன். அன்று மத்தியானத்துக்குப் பிறகு தலைக்கு மேலே போன ஒவ்வொரு விமானத்துக்கும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கொழும்பிலிருந்து ஒரு தடவை போன் எடுத்தான். வந்து சேர்ந்துவிட்டேன் என்றான், குளிர்சட்டையை வைத்துக்கொள் என்றான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. விசாரிக்கக்கூடிய இடங்களில் எல்லாம் விசாரித்தேன் என்று மற்றவர்களிடம் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை.

டயர் மாற்றியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மிஷேலிடம் போனேன். எண்பது தாண்டிவிட்டது, லிஃப்ட் வைத்த மாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியே இருக்கிறார். நான் போய் நாலு வருடமாகியிருந்தது. சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் நின்றன. அந்த வகையை அரசாங்கம் தடை செய்துவிட்டது, பொலிஸிடம் கொடுத்துவிட்டேன் என்றார். குண்டு வார்த்த அச்சை, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்திருந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது வாடகைக் கார் நிறுத்துகிறார்கள்.

காப்பி தந்தார். இரும்புக் கட்டியை மேசையில் வைத்து, ஈயம் இல்லாமல் போய்விட்டது என்றேன். அவரும் நகத்தால் கீறிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அடக்க முடியாமல் வந்தது. அந்தக் கதையை வெளியில் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அவன் சொன்னான்."

அவனுக்குப் பிரெஞ்சு தெரியாதே என்றேன். மிஷேல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சட்டத்தரணி சொன்ன கடிதத்தைக் கேட்டு அவன் வந்த அன்று நான் லீவு, மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. யார் சொன்னது என்று மிஷேல் கேட்டிருக்கிறார். குகன் என் பெயரைச் சொன்னானாம். பிறகு விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டினானாம். முகத்தில் கோபம் இருந்ததா என்று கேட்டேன். "இல்லை, சோர்வு" என்றார்.

லிஃப்டில் இறங்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடை போய்விட்டது, துப்பாக்கி போய்விட்டது, சில்லிலிருந்து ஈயமும் போய்விட்டது. அவனுக்குத் தெரியாது என்ற ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன், அதுவும் இல்லை. மிஷேலிடம் கடிதம் கேட்டதற்கும் விமானம் ஏறியதற்கும் இடையில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும், நான் வேலை முடிந்து வருவதற்கு முதல் அவன் சோறு ஆக்கி, என் பங்கைத் தட்டால் மூடி வைத்திருந்தான்.