காது மந்தமானவர் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு ஸ்பீக்கர் வாங்க என்னோடு ஹட்டனுக்குக் கமிட்டி அனுப்பி வைத்தது, சபையிலேயே காது மந்தமான பெரியவரை. பெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்கு நடுவே வேலை செய்தே காது போனவர். கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டு எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவார். "அவருக்குக் கேட்டா எல்லாருக்கும் கேட்கும்" என்பது கமிட்டியின் கணக்கு.

கடையில் எந்தப் பெட்டி கண்ணாடி அலமாரியை அதிர வைத்ததோ அதிலேயே இரண்டை அவர் தேர்ந்தெடுத்தார். அவை தன்னைப் பார்த்து இருக்கும்படி பாஸ்டருக்குப் பின்னால் வைக்கவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வாயைத் திறந்ததும், ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்து ஊளையிட்டது. சபை காதைப் பொத்தியது. பெரியவர் மட்டும் திருப்தியாகத் தலையசைத்தார்.

சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெட்டிகளை மைக்குக்கு முன்னால் இரண்டு ஓரமாக, சனங்களைப் பார்க்கும்படி நகர்த்தினேன். சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தேன். ஊளை நின்றது. எல்லோரும் பாராட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் பெரியவர் என்னைத் தேடி வந்தார்.

"அந்த ஊளச் சத்தம் ஒண்ணுதான் தம்பி எனக்குக் கேட்டுச்சு. அது வந்தா பாஸ்டர் பேச ஆரம்பிச்சிட்டாருன்னு தெரிஞ்சிக்குவேன்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்ப இன்னைக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தூங்கிக்கிட்டு இருந்தாங்க."

இன்றும் பிரசங்கம் முடியும்வரை கண் மூடாமல் பாஸ்டரையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். எதைக் கேட்கிறார் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.