பெயர் எழுதிய பெட்டி

எங்கள் சேவைச் சங்கம் எதைக் கொடுத்தாலும் பெயரோடுதான் கொடுக்கும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் பெயர், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் பெயர், தையல் மிஷின் பலகையில் பெயர். கண் ஆபரேஷன் முகாமில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியின் உறையில்கூட. வெயில் தின்று தின்று நிறம் போன பெயர்கள். திருத்தங்கலில் சின்னதாக அச்சகம் நடத்துகிறேன். அவற்றில் பாதி என் கையால் ஆனவை. அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஃப்ரீசர் பெட்டி வாங்கியபோது முழுச் செலவையும் எங்கள் முன்னாள் தலைவர் ஏற்றுக்கொண்டார். பட்டாசு முதலாளி, தன் பெயரிலேயே கம்பெனி. சாவு வீடுகளுக்கு இலவசமாகப் போய்வரும் பெட்டி. பெயரை எங்கே எழுதுவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. "மூடிக்கு உள்பக்கமா எழுதுங்கப்பா, படுத்திருக்கவரும் வாசிக்கட்டும்" என்றார் ஒருவர். முதலாளியும் சேர்ந்துதான் சிரித்தார். கடைசியில் இரண்டு பக்கவாட்டிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதினோம். பெட்டி என் குடோனில் காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றது. போன் வந்தால் வேனில் ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு.

அன்றைக்குப் போன் வந்தது சாத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து. அதே முதலாளியின் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் தீப்பட்டு, ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்தவர். இருக்கன்குடிப் பாதை. வெயில், கருவேலம், கருவேலம், வெயில். இறந்தவர் எந்தக் கம்பெனி ஆள் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் யார் பெயர் என்றும் தெரியும். இரண்டும் என் தலைக்குள் தனித்தனி அறையில் கிடந்தன. நடுவில் கதவு இல்லை. ஓட்டிக்கொண்டே போனேன்.

பெட்டியை இறக்கி வைத்ததும் இறந்தவரின் மனைவி எழுந்து வந்தார். அழவில்லை. குனிந்து, எழுத்துக்கூட்டி, கடைசி எழுத்துவரை வாசித்தார்.

"அண்ணாச்சி, இத எடுத்துட்டுப் போயிருங்க. உசுரோட இருக்கையில அவுக கம்பெனிக்குள்ள கெடந்தாரு. இப்பயும் அவுக பேருக்குள்ளயா படுக்கணும்?"

இறந்தவரின் தம்பி மெல்ல எடுத்துச் சொன்னார். மகள் அசாமில், பட்டாளத்துப் புருஷனோடு இருக்கிறாள். ரயில் ஏறிவிட்டாள், ஆனால் வந்து சேர நாளாகும். வேறு பெட்டி கேட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் வெளியே போயிருக்கிறது. இந்த வெயிலில் உடம்பு தாங்காது.

"மொகம் மட்டுந்தான் மதினி நல்லாருக்கு. அதையாச்சும் புள்ள பாக்கட்டும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தப் பேர மறைச்சிருங்க" என்றார்.

துணி போர்த்தினால் மிஷினுக்குக் காற்று போகாது. வேனில் வேஸ்ட் தாள் கிடந்தது. மை சரிபார்க்க ஓட்டிக் கழித்த பட்டாசு லேபிள்கள், ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. பக்கத்து வீட்டில் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார்கள். அச்சை உள்ளே வைத்து, வெறும் பக்கம் வெளியே தெரிய ஒட்டினேன். வெள்ளை. கண்ணுக்கு ஒன்றுமே சொல்லாத வெள்ளை. அவரைக் கிடத்தினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது.

அந்தப் பெட்டி ஓட ஓட வெளியிலும் வேர்க்கும். வேர்த்தது. தாள் நனைந்தது. நனைந்த தாளில் பின்பக்கத்து அச்சு மெல்ல மேலேறி வந்தது. முதலில் மத்தாப்பின் மஞ்சள். பிறகு ஒரு பச்சைக் கிளி. பிறகு எழுத்துகள், இடம் வலமாகத் திரும்பிய எழுத்துகள், அதே பெயர். என் அச்சகத்தில் ஓடுவதில் முக்கால்வாசி அந்தக் கம்பெனி ஆர்டர்தான். ஒட்டும்போது அது நினைவில் இல்லை. இருந்திருந்தாலும் வேனில் வேறு தாள் ஏது?

ஒரு பக்கம் சுவரோரம். அதை யாரும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்த பக்கத்தை அந்த அம்மா பார்த்தார். திருப்பி வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. வருஷக்கணக்காகச் சம்பளக் கவரில் பார்த்த பெயர். கடைக்குப் போய் வெறும் தாள் வாங்கி வருகிறேன் என்றேன். அவர் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அந்த எழுத்துகளின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார். நான் நின்றேன். பிறகு வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் வந்து முகம் பார்த்து, எல்லாம் முடிந்தபின் பெட்டியை எடுக்கப் போனேன். தம்பி சொன்னார்: மதினி அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லையாம். டீயும் அங்கேயேதானாம். முதுகு விறைத்துப்போய், இரண்டு பேர் பிடித்து எழுப்ப வேண்டியிருந்ததாம். மகள் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பெட்டி யாருடையது என்று கேட்கவே இல்லையாம்.

குடோனில் இறக்கித் தாளைக் கிழித்தேன். ஊறிப்போய், தொட்டாலே வழுகி வந்தது. மத்தாப்பு, கிளி, எழுத்து. வாசலைப் பார்த்த பக்கத்தில், ஒரு முதுகின் அகலத்துக்கு மட்டும் காய்ந்து, வெள்ளையாக, பெயரின் மேல் இறுகிப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அதற்குள் அடுத்த போன் வந்தது. பெட்டியை அப்படியே வேனில் ஏற்றினேன்.