கோவளத்தில் நைலான் சட்டை

கோவளம் கடற்கரையில் காலை ஏழு மணிக்கே அலைச்சறுக்குப் பலகைகளை மணலில் பரப்பிவிட்டார்கள். தண்ணீர், துண்டு, மாற்றுத்துணி, என் பட்டியலில் எல்லாம் சரி. அம்மாதான் சரியாக இல்லை. பலகையில் ஒருமுறை படுத்துப் பார்க்க ஆசைப்பட்டவள், பயிற்சியாளர் நீட்டிய சட்டையைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள்.

"இது நைலான்ல்லா? ஆகாது தம்பி, தீப்பிடிச்சிரும்."

"கடல்ல எப்படிம்மா தீப்பிடிக்கும்?" அவர் சிரிக்கிறார்.

அம்மாவுக்கு அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. நைலான் உரசினாலே பொறி பறக்கும் என்று அங்கே பருத்தி மட்டும்தான் உடுத்தலாம். ஒருநாள்தான் லீவு, பயிற்சி அரை மணி நேரம், அதில் பத்து நிமிடம் போய்விட்டது. நான் மணியையே பார்க்கிறேன்.

"இறங்குறியா, இல்ல ஊருக்குப் போவமா?"

"இருடி. எம்புட்டு அவசரம் ஒனக்கு."

பையிலிருந்து, தான் வேலைக்குப் போட்டுப்போகும் அப்பாவின் பழைய பருத்திச் சட்டையை எடுத்துச் சுடிதாருக்கு மேல் மாட்டுகிறாள். அது என் பட்டியலில் இல்லை. பிறகு குனிந்து ஈர மணலில் உள்ளங்கையைப் பதிக்கிறாள்.

"கடலம்மாவைக் கும்பிடுறாங்க" என்கிறார் பயிற்சியாளர்.

நான் திருத்தவில்லை. உடம்பிலுள்ள மின்சாரம் தரையில் இறங்கட்டும் என்று, மருந்தறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தினமும் இப்படித்தான் தொடுவாள்.

கையை எடுத்ததும், மருந்தறைக்குள் நுழைகிறவளைப்போல, திரும்பிப் பார்க்காமல் அலைக்குள் நடக்கிறாள்.